சூனியக்காரிகள் சொன்னார்களா, கொல் என்று?

மாவீரன் மாக்பெத் மன்னனைக் கொன்றான். விருந்தினனாக வந்தவனை, உறவினனை, நம்பி உறங்கிய முதியவனை, தன் கோட்டைக்குள்ளேயே குத்திக் கொன்றான். கொடுவாள் அவன் கையிலே. குருதி அவன் கையிலே. ஆனால் குற்றவாளி அவனல்லனாம். குற்றவாளி விதியாம்!

நாமாகப் புனைந்து கூறவில்லை, தோழர்களே! அண்மையில் ஓர் இலக்கிய மன்ற விழாவிலே, ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேச வந்த பெரியவர் ஒருவர் இப்படித்தான் பொருள் விரித்தார். நன்மை ஒரு பேராற்றலாம். தீமை மற்றொரு பேராற்றலாம். இரண்டுக்கும் நடுவே மனிதன் ஒரு பந்தாம். தேவர் உதைத்தால் இந்தப் பக்கம், அசுரர் உதைத்தால் அந்தப் பக்கம். மாக்பெத் என்ற பந்தை மூன்று சூனியக்காரிகள் உதைத்துவிட்டனராம். பாவம், அவன் என்ன செய்வான், தலையிலே எழுதியது தாள் பிசகுமா என்று கேட்டு அமர்ந்தார். கைதட்டல் எழுந்தது. அதுகூடப் பெரிதல்ல. மறுவாரம் நம் வகுப்பிலே மாக்பெத் கதையைச் சுருக்கி எழுதுமாறு கூறினோம். கூட்டத்துக்கு வந்திருந்த மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: மாக்பெத் நல்லவன், சூனியக்காரிகள் கெடுத்தனர், விதியை யாரால் வெல்ல முடியும் என்று. சிவப்பு மை ஊற்றிய பேனாவோடு சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிள்ளைமீது கோபமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் இந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தவர்கள் மீதுதான் கோபம்.

ஆகவே அந்த நாடகத்தையே பிரித்துப் பார்த்துவிடுவோம். பெரியவர் காட்டாத பக்கங்களை நாம் காட்டுவோம்.

1606ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டு, 1623இல் முதன்முதலாக அச்சேறிய நாடகம் அது. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலே மிகச் சிறியது. முதல் காட்சியிலே இடியும் மின்னலும் சூழ மூன்று சூனியக்காரிகள் தோன்றி, நல்லது கெட்டதாகும், கெட்டது நல்லதாகும் என்ற பொருள்பட முணுமுணுத்து மறைகின்றனர். இதைப் பிடித்துக்கொண்டுதான் தேவாசுரப் போர் என்கிறார்கள். அடுத்த காட்சியைப் படிப்பதற்குள் அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது போலும்!

அடுத்த காட்சி என்ன? குருதி சொட்டச் சொட்ட ஒரு போர்வீரன் வந்து களச் செய்தி கூறுகிறான். கலகக்காரனொருவனை மாக்பெத் கொப்பூழிலிருந்து தாடைவரை பிளந்தானாம். தலையைக் கொய்து மதிலின்மீது செருகினானாம். கேட்ட மன்னன் டங்கன், அருள் நிறைந்தவன், சாந்த சொரூபி, முகம் சுளித்தானா? மகிழ்ந்தான்! உறவு சொல்லிப் பாராட்டினான்! துரோகியெனத் தீர்க்கப்பட்ட காடர் தலைவனின் பட்டத்தைப் பறித்து இவனுக்குச் சூட்டச் சொன்னான். அதே வாள், அதே கை, அதே குருதி. மன்னனுக்காக வீசினால் மாண்பு. மன்னன்மீதே வீசினால் மாபாதகம்! நன்மை தீமை என்ற முத்திரைகள் வானுலகிலே வார்க்கப்பட்டவையல்ல, அரண்மனைப் பட்டறையிலே வார்க்கப்பட்டவை என்பதை, மாக்பெத் மேடைக்கு வருவதற்கு முன்பே ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

இதனால் மாக்பெத்துக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எண்ணிவிட வேண்டாம். அவன் கொலைகாரனே. அந்தக் கொலையை அவனிடமிருந்து பறித்து விதியின் கணக்கிலே வரவு வைக்காதீர்கள் என்பதே நம் வழக்கு.

பொட்டல் வெளியிலே சூனியக்காரிகள் சொன்னது என்ன? கிளாமிசின் தலைவனே வாழ்க, காடரின் தலைவனே வாழ்க, பின்னாளில் மன்னனாகப் போகிறவனே வாழ்க. இவ்வளவுதான்! கத்தியைப் பற்றிப் பேச்சில்லை. டங்கனின் பெயரில்லை. கொல் என்ற சொல்லில்லை. முதற் பட்டம் அவனுக்கு ஏற்கெனவே உள்ளது. இரண்டாவது பட்டம், அவன் ஒரு விரலையும் அசைக்காமல், அடுத்த சில நொடிகளில் வந்து சேருகிறது. அப்படியானால் மூன்றாவதும் அப்படியே வரட்டுமே என்று இருந்திருக்கலாமே! இருந்திருக்கலாம் என்று நாம் சொல்லவில்லை, அவனே சொல்கிறான். தற்செயல் என்னை மன்னனாக்க விரும்பினால், என் முயற்சி இல்லாமலே முடி சூட்டட்டும் என்று தனக்குத்தானே கூறிக்கொள்கிறான். ஆனால் அதற்குச் சற்று முன்பே கொலை என்ற எண்ணம் அவனுடைய நெஞ்சிலே முளைத்து, தலைமயிர் சிலிர்க்க வைத்துவிட்டது. அந்த வாழ்த்துக்குக் கொலை என்று பொருள் எழுதியவன் அவன். அகராதி அவனுடையது!

அதே பொட்டல் வெளியிலே, அதே நேரத்திலே, அதே குரல்களை இன்னொருவனும் கேட்டான். பாங்கோ அவன் பெயர். நீ மன்னனாக மாட்டாய், ஆனால் உன் வழித்தோன்றல்கள் மன்னராவர் என்றனர் அவனிடம். அவனுக்கும் ஆசை இருந்தது. கனவிலே அந்தக் குரல்கள் வந்து தொல்லை செய்வதாகக் கூறுகிறான். ஆனால் கத்தியெடுக்கவில்லை. மாறாக, இருளின் தூதர்கள் சிறிய செய்திகளில் உண்மை பேசிப் பெரிய செயலிலே குழி பறிப்பார்கள் என்று நண்பனை எச்சரிக்கிறான். விஞ்ஞானக் கூடத்திலே இரண்டு குடுவையில் ஒரே மருந்தை ஊற்றுகிறோம். ஒன்று பொங்குகிறது, மற்றொன்று பொங்கவில்லை. வேறுபாடு மருந்திலா, குடுவைக்குள்ளே முன்பே இருந்த பொருளிலா? எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். இலக்கிய மன்றத் தலைவருக்குத்தான் சிரமம்.

இதற்கு மேலும் ஒரு சான்று. கொலைக்கு முன்னே மாக்பெத் தனித்து நின்று வாதாடுகிறானே, அதைக் கவனியுங்கள். டங்கன் எனக்கு உறவினன். நான் அவன் குடிமகன். இன்று அவனுக்கு விருந்தளிப்பவன், கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டியவன், நானே கத்தி தூக்குவதா? அவன் நல்லவன், அவன் சாவுக்காக உலகமே அழும். என்னை உந்துவதற்கு ஆசை தவிர வேறு காரணமே இல்லையே! தேர்ந்த வழக்கறிஞனைப் போல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். நன்மை எது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தது. அதற்கான சொற்கள் இருந்தன, கண்ணீரும் இருந்தது. வேண்டாம் இச்செயல் என்று மனைவியிடம் கூறவும் செய்தான். எல்லாம் தெரிந்தே எழுந்து போய்க் குத்தினான். நன்மையும் தீமையும் இரண்டு படைகளாக வெளியே நின்று அவனை இழுக்கவில்லை. ஒரே நெஞ்சிலே இரண்டும் பேசின. அவன் ஒன்றைத் தேர்ந்தான். நாடகத்தின் துன்பம் முழுவதும் அந்தத் தேர்விலே இருக்கிறது. பந்து உதைபட்டால் அதிலே துன்பம் ஏது? பந்துக்காக யாராவது அழுவார்களா?

விதி தப்பினால் பெண் என்பார்கள்! விதியின்மீது பழி நிற்காது என்று தெரிந்ததும் அடுத்த வாயிதாவிலே மாக்பெத் சீமாட்டியைக் கூண்டிலேற்றுவார்கள். பெண்புத்தி, பெண்ணாலே கெட்டான், மாயப்பிசாசு... அந்த வசைமாலை நமக்குப் புதிதல்லவே. அவள் தூண்டினாள், உண்மை. என் பெண்மையை நீக்கி என்னைக் கொடுமையால் நிரப்புங்கள் என்று இருள் சக்திகளை வேண்டினாள், அதுவும் உண்மை. ஆனால் தோழர்களே, இல்லாததைத்தானே ஒருவர் கேட்பர்? நெஞ்சு முன்பே கல்லாக இருந்தால் கல்லாக்கு என்று எவரேனும் இறைஞ்சுவாரா? கத்தியை எடுத்துவைத்தவள் அவள். குத்துவதற்குக் கை எழவில்லை. உறங்கும் கிழவனின் முகம் தன் தந்தையின் முகம்போல் இருந்தது என்கிறாள். பாங்கோவைக் கொல்லத் திட்டமிட்டபோது அவளிடம் மாக்பெத் கலந்தானா? நீ அறியாமலே இரு, செயல் முடிந்தபின் பாராட்டு என்றான். மாக்டப்பின் மனைவியையும் மழலைகளையும் வெட்டிச் சாய்க்க ஆள் அனுப்பினானே, அதைத் தூண்டியது எந்தப் பெண்? அவள் அந்த நேரத்திலே தூக்கத்தில் நடந்துகொண்டு, இல்லாத குருதிக் கறையைக் கையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தாள். முதற் கொலையில் அவள் பங்குக்கு அவள் பொறுப்பு. பிந்தைய கொலைகள் அவனுடையவை.

பாங்கோவைக் கொல்ல வந்த கூலியாட்களைப் பற்றி இலக்கிய மேடைகளிலே ஒரு வார்த்தைகூட வருவதில்லை. அவர்கள் யார்? உலகத்தின் அடிகளால் நைந்து போய், இனி எது செய்தாலும் சரி என்ற நிலைக்கு வந்துவிட்டதாகத் தாங்களே கூறும் ஏழைகள். உங்கள் வறுமைக்குக் காரணம் பாங்கோதான் என்று அவர்களிடம் கூறி, மனிதரா நீங்கள் என்று மானத்தையும் சீண்டி அனுப்புகிறான் மன்னன். மேலே இருப்பவன் கை கறைபடாமல் இருக்கக் கீழே இருப்பவன் கை வாடகைக்கு! தீமைக்கும் ஒரு கூலிச் சந்தை உண்டென்று 400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார் அந்த மனிதர்.

இறுதியில் அந்த மாபெரும் தீர்க்கதரிசனங்கள் என்ன ஆயின? பர்னம் காடு நடந்து வந்தாலொழிய உனக்குத் தோல்வியில்லை. பெண் பெற்ற எவனாலும் உனக்குத் தீங்கில்லை. காடு நடந்ததா? இல்லை, தம் தொகையை மறைக்கப் படைவீரர்கள் ஆளுக்கொரு கிளை வெட்டிப் பிடித்து வந்தனர். மாக்டப் வானத்திலிருந்து குதித்தவனா? இல்லை, தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட பிள்ளை. மாயம் என்று தொடங்கியது மரக்கிளையிலும் மருத்துவக் கத்தியிலும் போய் முடிகிறது. சோதிடத்தை நம்பிக் கோட்டைக்குள் மார்தட்டிக் கிடந்தவன் கதி என்ன என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துப் பதவியேற்கும் பெருமக்கள் ஒருமுறை படித்தால் நலம்.

இனி, நல்லவர்கள் என்று நாடகம் நிறுத்தும் பக்கத்தையும் சற்றுப் பார்ப்போம். கொலையுண்ட மன்னனின் மகன் மால்கம் இங்கிலாந்திலே அடைக்கலம் புகுந்திருக்கிறான். அவனை அழைத்துப் போக வருகிறான் மாக்டப். சோதிக்க எண்ணிய மால்கம், நான் பெரும் காமுகன், நாட்டின் பெண்கள் அனைவரும் போதமாட்டார்கள் என்கிறான். மாக்டப்பின் பதில்? பரவாயில்லை, மனமுவந்து வரும் பெண்கள் நிறைய உண்டு, மறைவாக வைத்துக்கொள்ளலாம்! பேராசைக்காரன் நான், பிரபுக்களின் நிலத்தையெல்லாம் பறிப்பேன் என்கிறான். அதுவும் பொறுக்கத்தக்கதே, நாட்டிலே செல்வம் நிறைய இருக்கிறது! எந்த நற்பண்பும் என்னிடம் துளியுமில்லை, உலக அமைதியையே குலைப்பேன் என்ற பிறகுதான் மாக்டப் பதறுகிறான். அரச குலத்திலே பிறந்தவன் என்பதற்காக எவ்வளவு தீமையை நன்மையின் கட்சி விழுங்கத் தயாராக இருக்கிறது, பாருங்கள்! அது பொய்ச் சோதனை என்று பின்னர் தெரிகிறது. ஆனால் மாக்டப் சொன்ன பதில் பொய்யல்லவே.

அதே காட்சியிலே, இங்கிலாந்து மன்னன் எட்வர்டு தொட்டாலே கண்டமாலை நோய் தீர்ந்துவிடுகிறது என்று ஒரு புகழ்மாலை. தீயவன் பக்கம் சூனியக்காரி, நல்லவன் பக்கம் தெய்வக் கை! இந்தத் தெய்வக் கையின் பிற்காலச் சரித்திரம் சுவையானது. மன்னர் தொட்டால் நோய் தீரும் என்ற சடங்கு இங்கிலாந்திலே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நடந்தது. 1712இல் ஆன் அரசியிடம் ஒரு சிறு பிள்ளையைத் தூக்கிச் சென்றனர். அரசி தொட்டாள். நோய் தீரவில்லை, கழுத்திலே தழும்புகளோடு வளர்ந்தது பிள்ளை. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன். 1765இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்தவரும் அவரே. கண்டமாலை, காசநோயின் ஒரு வகை. அந்நோயின் கிருமியை 1882இல் ராபர்ட் காக் கண்டுபிடித்தார், நுண்ணோக்கியிலே. மகுடத்திலே அல்ல.

எதற்காக இந்தச் சூனியக்காரிகளும் தெய்வக் கையும்? விடை, அரியணையிலே இருந்தது. ஸ்காட்லாந்து மன்னன் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னனானான். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு அவ்வாண்டே மன்னரின் குழுவானது. அந்த ஜேம்ஸ் சாதாரண மன்னனல்ல. பேய்களையும் சூனியத்தையும் பற்றி 1597இல் நூலே எழுதி வெளியிட்டவன். 1604இல் சூனியத்துக்கு எதிரான சட்டத்தைக் கடுமையாக்கியதும் அவன் ஆட்சியே. அவன் பாங்கோவின் வழித்தோன்றல் எனப்பட்டவன். ஆதாரமாகக் கொள்ளப்பட்ட ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலே, டங்கனைக் கொல்வதில் பாங்கோ உடந்தை! நாடகத்திலே அந்தக் கறை கழுவப்பட்டு, பாங்கோ பத்தரை மாற்றுத் தங்கமாகிவிட்டான். மேலே நாம் சொன்ன இரண்டு குடுவைகளில் ஒன்று அரண்மனையிலே துலக்கப்பட்டதுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் கவிஞரின் கை முழுதும் விலைபோகவில்லை. மாக்பெத் முறைகேடாகவே முடி பெற்றிருப்பான் என்று ஐயுறும் பாங்கோ, வாய் திறக்காமல் இருக்கிறான். அவனுக்குப் பலித்த வாக்கு எனக்கும் பலிக்கலாமே என்ற நப்பாசை. அந்த மௌனத்தை ஆசிரியர் அழிக்காமல் விட்டிருக்கிறார்.

மெய்யான மாக்பெத் யார் தெரியுமா? டங்கனைப் படுக்கையிலே கொன்றவனல்ல. 1040இல் போரிலே வென்றவன். மெய்யான டங்கன் நரைத்த கிழவனுமல்லன். மாக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டான். 1050இல் ரோமாபுரிக்குப் போய் ஏழைகளுக்குப் பொருளை வாரியிறைத்தான் என்று அக்காலக் குறிப்பு கூறுகிறது. 1057இல் மால்கமின் படையால் வீழ்ந்தான். வீழ்ந்தவன் கொடியவனானான், வென்றவர்களின் கால்வழி நல்லவர்களாயிற்று. இராவணனுக்கு மறுவிசாரணை கேட்டு அண்ணா எழுதிய ‘நீதிதேவன் மயக்கம்’ படித்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். வென்றவன் வீட்டு விளக்கிலே எழுதப்படும் ஏட்டிலே, தோற்றவனுக்குக் கோரைப் பல் முளைப்பது உலகெங்கும் வழக்கம் போலிருக்கிறது.

மாக்பெத்தாவது மன்னன், அவன் கதையைத் தோண்டி எடுக்க வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று கிழவிகள்?

1589இல் ஜேம்சுக்கு மணமகளாகப் புறப்பட்ட டென்மார்க்கு இளவரசியின் கப்பல் புயலால் திரும்பியது. மன்னனே போய் அழைத்துவந்தான், கடல் கொந்தளித்தது. கடல் கொந்தளிப்பதற்குக் காற்று காரணமென்று எந்த மீனவனும் சொல்லியிருப்பான். மன்னனுக்கோ சூனியம் காரணம்! கெய்லிஸ் டங்கன் என்ற பணிப்பெண் பிடிபட்டாள். நோயாளிகளைக் குணப்படுத்தினாள் என்பதே அவள்மீது ஐயம் விழக் காரணம். மன்னன் தொட்டுக் குணப்படுத்தினால் தெய்வீகம். வேலைக்காரி குணப்படுத்தினால் பேய்த்தொழில்! விரல்களை நசுக்கிப் பெயர்கள் கேட்டனர். ஆக்னஸ் சாம்ப்சன் என்ற மருத்துவச்சி பிடிபட்டாள். அவளை மன்னனே விசாரித்தான். தலைமுடியை மழித்தனர், கயிற்றால் தலையை முறுக்கினர், கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டாள். 1591 சனவரியிலே கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தனர். அவர்கள் சல்லடையில் ஏறிக் கடலில் சென்றதாக அன்று வெளியான துண்டு நூல் கூறிற்று. மாக்பெத் நாடகத்திலே ஒரு சூனியக்காரி சல்லடையில் ஏறிக் கடல் கடப்பேன் என்கிறாள். மற்றொருத்தி காற்றுத் தருகிறேன் என்கிறாள். அரங்கிலே சிரித்து ரசிக்கப்பட்ட அந்த வசனத்துக்குப் பின்னே, முறுக்கப்பட்ட ஒரு மருத்துவச்சியின் தலை இருக்கிறது, தோழர்களே!

ஸ்காட்லாந்திலே 1563 முதல் 1736 வரை அச்சட்டம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர்; ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்கள். 2022 மார்ச் 8ஆம் நாள் அந்நாட்டின் முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜன் அதற்காக மன்னிப்புக் கேட்டார். பழைய கதையென்று நாம் பெருமூச்சு விட்டுவிட முடியுமா? சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கப் பீகாரிலே 1999இல் சட்டம் வேண்டியிருந்தது. ஜார்க்கண்டிலே 2001இல் வேண்டியிருந்தது. நாட்டின் குற்றப் புள்ளிவிவர ஏடு, கொலைக்கான காரணங்களிலே சூனியம் என்று தனித் தலைப்பே வைத்திருக்கிறது. மூடநம்பிக்கைக்கு எதிராகச் சட்டம் கேட்ட நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்டு 20ஆம் நாள் புனே நகரத் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே மராட்டிய மாநிலத்தில் அச்சட்டம் வந்தது. கைம்பெண்ணின் துண்டு நிலத்தின்மீது கண் வைப்பவன், முதலில் அவளுக்குச் சூனியக்காரி என்று பெயர் வைக்கிறான். ஊர் கூடுகிறது. அடித்தவனைக் கேட்டால், தீய சக்தியைத்தானே அடித்தேன் என்கிறான். இலக்கிய மன்றத்துப் பெரியவர் அவனுடைய வழக்கறிஞராகப் போகலாம். வாதம் தயாராகவே இருக்கிறது.

அந்த மாணவனை அழைத்தோம். நாடகத்தின் முதல் அங்கத்தை, ஆங்கில மூலத்தோடு தமிழ் உரையும் சேர்த்துக் கையில் கொடுத்தோம். கொல் என்று சூனியக்காரிகள் கூறும் வரி எதுவோ அதை அடிக்கோடிட்டுக் காட்டு, உன் விடைக்கு முழு மதிப்பெண் என்றோம். பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பாடவேளை முழுவதும் பக்கங்களைப் புரட்டினான். மணி அடித்தது, பென்சில் கூர் மழுங்கவில்லை. மாக்பெத் தனித்து நின்று வாதாடும் பக்கத்திலே மட்டும் விரலை வைத்துக்கொண்டு, இவனுக்கே எல்லாம் தெரிந்திருக்கிறதே, ஐயா என்றான்.

அதே நூலை அந்தப் பெரியவருக்கும் அனுப்பி வைத்திருக்கிறோம். தீட்டிய பென்சிலும் உடன் இருக்கிறது.